அந்தக் காலத்து ஆல்டர்நேட்டிவ் ராக் பண்பலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999 முதல் ஏழு ஆண்டுகள் அமெரிக்காவின் மேரிலாந்தில் வேலை பார்த்தேன். அங்கே வாங்கிய பழைய காரில் கேசட் பிளேயர் நாடாவைத் தின்றுவிடும். ரேடியோ மட்டும் ஒழுங்காகப் பாடும். அப்படித்தான் 99.1-இல் எச்.எஃப்.எஸ். என்ற நிலையம் பழக்கமாயிற்று. அதன் கதையைத் தேடப் போய், நான் பிறந்த காலத்திலிருந்தே ஓடிய வேறு நிலையங்களின் கதைகளும் வந்து சேர்ந்தன. நண்பர்களிடம் இதைப் பேச ஆரம்பித்தால் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வரும். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆல்டர்நேட்டிவ் என்றால் மாற்று. எதற்கு மாற்று?

1970-களின் கடைசியில் அமெரிக்க ராக் பண்பலைகள் எந்த ஊரில் திருப்பினாலும் ஒன்றுபோலவே ஒலித்தன. லெட் செப்பலின், ஈகிள்ஸ், ஃபாரினர், மறுபடி லெட் செப்பலின். எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கவே ஆலோசகர்கள் இருந்தார்கள். அதே சமயத்தில் நியூயார்க்கில் ரமோன்ஸும் பிரிட்டனில் பங்க் குழுக்களும், அப்புறம் தி க்யூர், டெபேஷ் மோட், நியூ ஆர்டர், தி ஸ்மித்ஸ் போன்றவர்களும் வேறு மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை. அதற்குத்தான் மாற்று.

பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் நியூ வேவ் என்றார்கள், பிறகு மாடர்ன் ராக். பில்போர்டு பத்திரிகை இந்த நிலையங்களுக்கென்றே 1988 செப்டம்பரில் 30 பாடல்களோடு ஒரு வாராந்தரப் பட்டியலைத் தொடங்கியபோது வைத்த பெயரும் மாடர்ன் ராக்தான். அதில் முதல் வாரம் முதலிடத்தில் இருந்தது சூசி அண்ட் தி பான்ஷீஸ். ஆல்டர்நேட்டிவ் என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கியது 90-களில். அதனால் ஒரே நிலையம் 1982-இல் சின்தசைசர் துள்ளலாகவும் 1994-இல் கிட்டார் இரைச்சலாகவும் இருந்திருக்கும். இரண்டு காலத்து நேயர்களும் இன்றுவரை எது உண்மையான நிலையம் என்று சண்டை போடுகிறார்கள்.

இந்த கே, டபிள்யூ, எக்ஸ் எழுத்துகள் எல்லாம் என்ன?

அரசு தரும் அழைப்புக்குறி. அமெரிக்காவில் பொதுவாக மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூ, மேற்கே கே. கனடாவுக்கு சி, மெக்சிகோவுக்கு எக்ஸ். இதைத் தெரிந்துகொண்டால் நிலையத்தின் பெயரைக் கேட்டதுமே அது எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். எக்ஸ் பற்றிய வேடிக்கை கீழே வருகிறது.

எல்லாம் எங்கே தொடங்கியது?

ஒரே இடத்தைக் காட்ட முடியாது. ஆனால் பலரும் முதலில் சொல்வது லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 106.7, கே-ராக். பசடீனாவில் உரிமம் பெற்ற அந்த நிலையம் 1974-இல் பணமில்லாமல் ஒலிபரப்பையே நிறுத்தி, 1976-இல்தான் திரும்பி வந்தது. இழக்க ஒன்றும் இல்லாத நிலையம் என்பதால் யார் எதைப் போட்டாலும் தட்டிக்கேட்க ஆளில்லை. அந்த 1976-இலேயே ராட்னி பிங்கன்ஹைமர் என்பவர் அங்கே நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார். குரல் வளம் கிடையாது, தயங்கித் தயங்கிப் பேசுவார். ஆனால் ரமோன்ஸ், பிளாண்டி, கோ-கோஸ் எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் காதுகளுக்குப் போனது அவர் வழியாகத்தான். 2017 வரை அங்கேயே இருந்தார்.

1979 வாக்கில் பாடல் தேர்வைக் கையில் எடுத்த ரிக் கேரல் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய திருப்பம். அவர் ஹிட் பாடல் நிலையங்களில் தொழில் கற்றவர். சின்னப் பட்டியல், அடிக்கடி திரும்ப வரும் பாட்டு, இடைவெளி விடாத ஓட்டம் என்ற அந்தப் பழைய உத்தியை அப்படியே எடுத்து, யாரும் ஹிட் என்று நினைக்காத பாடல்களுக்குப் போட்டார். ‘எண்பதுகளின் ராக்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். விடுதலை வானொலி என்று நாம் கொண்டாடுவதன் அடியில் பக்கா வியாபாரக் கணக்கு ஒன்று இருந்தது. அதே சூத்திரத்தை மற்ற ஊர் நிலையங்களுக்கும் ஆலோசகராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். 1989-இல் இறந்துவிட்டார்.

இந்த இசைக்கு எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்று பெரிய கம்பெனிகளுக்குத் தெரிந்த நாள் ஒன்று உண்டு: 1990 மார்ச் 20. டெபேஷ் மோட் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இசைத்தட்டுக் கடையில் கையெழுத்துப் போட வருகிறார்கள் என்று கே-ராக் சொல்லிக்கொண்டே இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள் திரண்டுவிட்டார்கள். நெரிசல் தாங்காமல் போலீஸ் நிகழ்ச்சியையே பாதியில் நிறுத்தியது. பெரிய ராக் நிலையங்கள் தொடாத ஒரு குழுவுக்கு அந்தக் கூட்டம்.

கிழக்குக் கரையில் இதற்கு நிகராக யாரும் இல்லையா?

இருந்தது. லாங் ஐலண்டில் 92.7, டபிள்யூ.எல்.ஐ.ஆர். எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். அதன் நேரடி ஒலிபரப்பை ஒருநாளும் கேட்டதில்லை. பழைய பதிவுகளோடு சரி.

நியூயார்க் நகரத்தின் பெரிய ராக் நிலையங்களோடு மோதிப் பார்த்து அலுத்துப்போன சிறிய நிலையம் அது. பாடல் தேர்வுப் பொறுப்பாளர் டெனிஸ் மக்னமாரா 1982 ஆகஸ்டில் ஒரு முடிவு எடுத்தார்: பழைய ராக்கை மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புதியது மட்டும். ‘வித்தியாசமாக இருக்கத் துணி’ என்பது அவர்கள் முழக்கம்.

புதிய பாட்டுக்கு எங்கே போவது? அமெரிக்க இசைக் கம்பெனிகள் பிரிட்டிஷ் பாடல்களை வெளியிட மாதக்கணக்கில் இழுத்தடிக்கும், பலவற்றை வெளியிடவே மாட்டா. டபிள்யூ.எல்.ஐ.ஆர். ஆட்கள் லண்டனிலிருந்து விமானத்தில் வரும் இறக்குமதி இசைத்தட்டுகளை வாங்கி அன்றைக்கே ஓட விட்டார்கள். அமெரிக்காவில் உரிமை வைத்திருக்கும் கம்பெனிகள், நாங்கள் வெளியிடாத பாட்டை நீ எப்படிப் போடலாம் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அதையும் மீறிப் போடுவார்கள். ஒவ்வொரு வாரமும் நேயர்கள் வாக்களித்து ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள், அதற்குப் பெயர் ‘ஸ்க்ரீமர் ஆஃப் தி வீக்’. அந்தக் குழுக்களில் பல பின்னாளில் அரங்குகளை நிரப்பின.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்த நிலையத்தின் உரிமம் குறித்து 1970-களிலிருந்தே வழக்கு நடந்துகொண்டிருந்தது. தற்காலிக அனுமதியில்தான் ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். 1987 டிசம்பரில் உரிமம் வேறொரு நிறுவனத்துக்குப் போனது. அலைவரிசை அதேதான், நிலையம் வேறு. புதியவர்கள் டபிள்யூ.டி.ஆர்.இ. என்ற பெயரில் அதே வகை இசையைத் தொடர்ந்தார்கள். ஆனாலும் பழைய நேயர்களைக் கேட்டால் அந்த டிசம்பரோடு கதையை முடித்துவிடுவார்கள்.

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பாடிய நிலையம் உண்மையா?

உண்மைதான். 91எக்ஸ். ஸ்டுடியோவும் விளம்பரதாரர்களும் நேயர்களும் சான் டியாகோவில். கோபுரம் எல்லைக்கு அந்தப்பக்கம் திஹுவானாவில். மெக்சிகோ உரிமம் என்பதால் மெக்சிகோ சட்டம். நள்ளிரவில் அந்த நாட்டுத் தேசிய கீதம் ஒலித்தாக வேண்டும். ஞாயிறு இரவு அரசு தயாரிக்கும் ஒரு மணி நேர நிகழ்ச்சியையும் போட்டாக வேண்டும். தி க்யூர் கேட்டுக்கொண்டே காரில் வரும் சான் டியாகோ பையன் பன்னிரண்டு அடித்ததும் மெக்சிகோ கீதம் கேட்பான். 1983 ஜனவரியில் இவர்கள் புதிய ராக்குக்கு மாறினார்கள். பின்னணியில் இருந்தவர், மறுபடியும் ரிக் கேரல்.

ரெயின் மேன் படத்தில் வருவது நிஜ நிலையமா?

1988-இல் வந்த அந்தப் படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஏற்ற பாத்திரம், காரில் கேட்ட ரேடியோ முழக்கம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும்: ‘97எக்ஸ், பேம்! ராக் அண்ட் ரோலின் எதிர்காலம்’. அது ஒஹையோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபர்டு என்ற சிறிய கல்லூரி ஊரில் இருந்த டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய். நிலையத்தின் சொந்த முழக்கம். படத்துக்காக எழுதியது அல்ல. ஒரு கணவனும் மனைவியும் வாங்கி, 1983-இல் இந்த இசைக்கு மாற்றிய நிலையம் அது. சின்சினாட்டியில் சில இடங்களில் எடுக்கும், சில இடங்களில் எடுக்காது. ஆண்டுதோறும் மே மாதக் கடைசி விடுமுறையில் 500 பாடல்களை எண்ணிக்கொண்டே வருவார்கள். நேயர்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

2004-இல் உரிமையாளர்கள் அலைவரிசையை விற்றார்கள். ஊழியர்கள் விடவில்லை, இணையத்தில் மட்டும் ஒலிக்கும் நிலையமாகத் தொடர்ந்தார்கள். பணம் தீரும், நிற்கும், யாராவது கைகொடுப்பார்கள், மறுபடி தொடங்கும். இணையத்துக்கு வந்த பிறகுதான் நான் கேட்டேன். அலுவலகத்தில் ஹெட்போனில் கேட்டால் பாட்டுக்கு நடுவே சின்சினாட்டி வானிலை பேசுவார்கள். நான் இருந்ததோ வேறு மாநிலம். 2010 மார்ச் 23 அன்று கடைசியாக நின்றது.

ரஷ் குழு ஒரு வானொலி நிலையத்துக்காகப் பாட்டு எழுதியதாமே?

கனடாவின் ராக் குழு அது, 1980 தொடக்கத்தில் வந்த பாட்டு ‘தி ஸ்பிரிட் ஆஃப் ரேடியோ’. டொரான்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனில் இருந்த சி.எஃப்.என்.ஒய். 102.1 தன்னை அழைத்துக்கொண்ட தொடரே அந்தத் தலைப்பு. டேவிட் மார்ஸ்டன் பொறுப்பில், பாடல்களை அறிவிப்பாளர்களே தேர்ந்தெடுத்த காலம். ஒரு சிறிய மஞ்சள் வீட்டிலிருந்து ஒலிபரப்பினார்கள்.

வானொலியை வியாபாரம் விழுங்குகிறது என்று வருந்தும் பாட்டு அது. அதைப் பட்டியல் போட்டு ஓட்டும் பெரிய நிலையங்கள்தான் இன்றுவரை மாய்ந்து மாய்ந்து போடுகின்றன. பாட்டு பிழைத்த அளவுக்கு அந்த நிலையத்தின் சுதந்திரம் பிழைக்கவில்லை. 80-களின் இறுதியில் பாப் பக்கம் சாய்த்தார்கள், நேயர்கள் எதிர்த்தார்கள், மறுபடி திரும்பியது. இன்று ‘எட்ஜ்’ என்ற பெயரில் ஓடுகிறது.

கல்லூரி வானொலிகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

விடவில்லை. அமெரிக்கப் பண்பலையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை விளம்பரமில்லா நிலையங்களுக்கென்று ஒதுக்கியது. டயலின் இடது ஓரம் என்று அதைத்தான் சொல்வார்கள். பல்கலைக்கழக நிலையங்கள் அங்கேதான். சம்பளமில்லாத மாணவர்கள் நள்ளிரவில் தங்கள் சொந்த இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து போடுவார்கள். ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் ஊர் ஊராகப் போனபோது கூட்டம் சேர்த்துக் கொடுத்தது இவர்கள்தான்.

ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்: சியாட்டிலின் கே.சி.எம்.யு. வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1972-இல் 10 வாட் சக்தியில் தொடங்கியது. பத்து வாட் என்றால் வீட்டில் எரியும் ஒரு பல்பு. 80-களில் அங்கே அறிவிப்பாளர்களாக இருந்தவர்களைப் பாருங்கள்: பின்னாளில் சப் பாப் இசை நிறுவனத்தை நடத்திய புரூஸ் பாவிட்டும் ஜோனதன் போன்மனும், மட்ஹனி குழுவின் மார்க் ஆர்ம், சவுண்ட்கார்டன் கிட்டாரிஸ்ட் கிம் தயில். தயில் என்ற பெயரைப் பார்த்து எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் சரிதான், அவருடைய பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள். ஆக, உலகமெல்லாம் பின்னாளில் கிரஞ்ச் என்று அழைத்த கிட்டார் இரைச்சல் இசையில் பாதிப் பேர் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள்.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. 90-களின் தொடக்கத்தில் நிர்வாகம் வெளியூர் நிகழ்ச்சியைக் கொண்டுவந்து தன்னார்வலர்களின் நேரத்தைக் குறைத்தபோது, தன்னார்வலர்களும் நேயர்களும் ‘கர்ஸ்’, அதாவது சாபம், என்று ஒலிக்கும் சுருக்கப் பெயரில் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். 2001-இல் மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலனின் பண உதவியோடு அதே நிலையம் கே.இ.எக்ஸ்.பி. ஆனது. யூடியூபில் குழுக்கள் நேரடியாக வாசிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

நிர்வாணா வந்தது இந்த நிலையங்களுக்கு நல்லதா கெட்டதா?

முதலில் நல்லது. கிரஞ்ச் குழுவான நிர்வாணாவின் நெவர்மைண்ட் ஆல்பம் 1991 செப்டம்பரில் வெளியாகி, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை இறக்கிவிட்டு பில்போர்டு முதலிடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் நிலையங்கள் அவசர அவசரமாக ஆல்டர்நேட்டிவுக்கு மாறின. சிகாகோவில் க்யூ101 மாறியது 1992-இல்.

கெட்டது அப்புறம் வந்தது. யாரும் சீண்டாத இசையாக இருந்தவரை யாரும் தலையிடவில்லை. காசு வரும் என்று தெரிந்ததும் பழைய ஆலோசகர்கள் பட்டியலோடு திரும்பி வந்தார்கள். 1997-இல் எந்த ஊரில் திருப்பினாலும் ஒரே மாதிரி கரகரத்த குரல். எதற்கு மாற்றாக வந்தார்களோ அதுவாகவே ஆகிவிட்டார்கள்.

அப்போது எல்லாமே நல்ல இசைதானா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ?

நியாயமான சந்தேகம். பழைய பதிவுகளை முழுசாகக் கேட்டால் குப்பையும் நிறைய உண்டு. வெள்ளைக்கார இளைஞர்களின் இசையே மிகப் பெரும்பங்கு. கறுப்பினக் கலைஞர்களுக்கு இங்கேயும் வாசல் குறுகல்தான். இரண்டு பெண் குரல்களை அடுத்தடுத்துப் போடக்கூடாது என்ற எழுதாத விதி அமெரிக்க வானொலித் தொழிலில் பரவலாக இருந்தது, இந்த நிலையங்கள் அதற்கு விலக்கல்ல. என் பிரியத்துக்குரிய எச்.எஃப்.எஸ். கூட நான் கேட்ட கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒரே பத்துப் பாட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டியது.

சரி, ஏன் எல்லாம் மறைந்தன?

இணையமும் எம்பி3-யும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான். 1996 பிப்ரவரியில் அமெரிக்காவில் கையெழுத்தான தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு முன்னால் ஒரு நிறுவனம் நாடு முழுதும் இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு இருந்தது. சட்டம் அதைத் தூக்கியது. பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள்.

இதனால் ஒரு சிறிய நிலையம் விளம்பரத்தில் சம்பாதிப்பதைவிட அதன் அலைவரிசையை விற்றால் கிடைக்கும் தொகை பல மடங்காகிவிட்டது. ஊர்நடுவே இருக்கும் ஓட்டு வீட்டுக்கு மனை விலை ஏறியதுபோல. உரிமையாளர் எவ்வளவு இசைப் பிரியராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் விற்றுவிடுவார். பாஸ்டனின் டபிள்யூ.எஃப்.என்.எக்ஸ். 1983 முதல் ஒரு வாரப் பத்திரிகை முதலாளியின் கையில் இருந்தது. 2012-இல் அந்த அலைவரிசையை வாங்கியது கிளியர் சேனல். தொடங்கிய நாளில் போட்ட தி க்யூர் பாட்டையே கடைசிப் பாட்டாகவும் போட்டு விடைபெற்றார்கள்.

எச்.எஃப்.எஸ். நின்ற நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

2005 ஜனவரி 12, புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்காகக் காரை எடுத்தேன். 99.1-இல் ஸ்பானிஷ் இசை. பட்டனை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து எண்ணைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மாற்றியிருந்தார்கள். கடைசியாக ஜெஃப் பக்லியின் ‘லாஸ்ட் குட்பை’ ஓடியது என்று சாயங்காலம் படித்துத் தெரிந்துகொண்டேன். சாண்ட்விச் வாங்கப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

முழு அழைப்புக்குறி டபிள்யூ.எச்.எஃப்.எஸ்., அதற்கு விரிவு ‘வாஷிங்டன் ஹை ஃபிடலிட்டி ஸ்டீரியோ’. 1961-இல் மேரிலாந்தின் பெதஸ்டாவில் தொடங்கி, 1983-இல் 99.1-க்கு வந்தது. 1990 முதல் அவர்கள் நடத்திய எச்.எஃப்.ஸ்டிவல் இசைவிழா வாஷிங்டனின் கால்பந்து மைதானத்தையே நிரப்பியது.

புதிதாக வந்த எல் ஸோல் என்ற ஸ்பானிஷ் நிலையத்தை அப்போது திட்டித் தீர்த்தோம். யோசித்தால் அது தப்பு. வாஷிங்டனைச் சுற்றி எல் சால்வடோர்க்காரர்கள் ஏராளம். சமையலறைகளிலும் கட்டட வேலைகளிலும் இருந்த அவர்களுக்குத் தங்கள் மொழியில் வலுவான பண்பலை ஒன்று அன்றைக்குத்தான் கிடைத்தது. சொந்த ஊர்ப் பாட்டை அந்நிய மண்ணில் கேட்க ஏங்கியவன் நான், எனக்கே இது புரிய நாளாயிற்று.

விழா மட்டும் 2024 செப்டம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் பார்க் மைதானத்தில் மறுபடி நடந்தது. 99.1-க்கு நிலையம் திரும்பவில்லை.

பிரிட்டன், ஆஸ்திரேலியா பற்றிச் சொல்லவே இல்லையே?

அங்கே கதை வேறு, காரணம் அரசு வானொலி. பிபிசி ரேடியோ 1-இல் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் ஒருவரே 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை ஒரு தனி நிலையம் மாதிரி இயங்கினார். ஆஸ்திரேலியாவில் 1975 ஜனவரியில் சிட்னியில் தொடங்கிய டபுள் ஜே, தனியார் நிலையங்கள் தடை செய்திருந்த ஸ்கைஹூக்ஸ் பாட்டையே முதல் பாட்டாகப் போட்டது. அதுதான் 1980-இல் பண்பலைக்கு வந்து டிரிபிள் ஜே ஆனது. விற்க முதலாளி இல்லாததால் இன்னும் இருக்கிறது. இவை இரண்டுக்கும் தனியாகவே எழுத வேண்டும்.

இப்போது கேட்க வழி உண்டா?

கே.இ.எக்ஸ்.பி. இணையத்தில் எப்போதும் கிடைக்கும். கே-ராக்கில் 80-களில் புகழ்பெற்ற ரிச்சர்ட் பிளேடு செயற்கைக்கோள் வானொலியில் அதே பாடல்களைத் தொடர்ந்து வழங்கி வந்திருக்கிறார். ஆனால் பாடல்களுக்காக என்றால் இவை எதுவும் தேவையில்லை; அவற்றில் பெரும்பாலானவை ஸ்ட்ரீமிங்கில் இருக்கின்றன.

நிலையத்தைக் கேட்க வேண்டும் என்றால், அந்தக் காலத்து நேயர்கள் கேசட்டில் பதிந்து பின்னாளில் இணையத்தில் ஏற்றிய ஒலிபரப்புப் பதிவுகளைத் தேடுங்கள். நிலையத்தின் பெயரோடு ஆண்டையும் போட்டுத் தேடினால் சிக்கும். விளம்பரத்தை வெட்டாத பதிவாகப் பாருங்கள். என்னிடம் டபிள்யூ.எல்.ஐ.ஆர். பதிவு ஒன்று இருக்கிறது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் குழுவின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்துகிறார், பிறகு ஒரு துணிக்கடை விளம்பரம், பிறகு நாளை மழை வரும் என்கிறார். அதற்குள் நாடா தீர்ந்துவிடுகிறது.